பாய்மரப் படகும் பழுப்பு சோபாவும்

எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருள் வாங்கினாலும் எனக்கு ஒரு வேலை உண்டு. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடப்பது.

என் வீட்டுக்காரர் துளசிங்கம் பொருளைத் தொட்டுத் தடவிப் பார்த்து, "பரவால்லையே, நல்லாத்தான் கீது" என்று இளிப்பார். நான் உச்சுக் கொட்ட வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அதுதான் எனக்குச் சைகை. "வேண்டாங்க, கிளம்புங்க" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். வேகமாக நடந்தால், சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவார்கள். ரொம்ப மெதுவாக நடந்தால் வேஷம் வெளுத்துவிடும். திரும்பிப் பார்த்தாலோ எல்லாம் போச்சு. நான் கேட்டைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து, "அம்மா, கொஞ்சம் நில்லுங்கம்மா, பேசிக்கலாம்" என்று குரல் வந்துவிடும். வராமல் இருந்ததே கிடையாது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் வாங்கிய ஃபிரிட்ஜில் ஆரம்பித்து, தாம்பரத்தில் இப்போது நாங்கள் இருக்கும் வீடு, மகள் வினிதாவின் முகூர்த்தப் புடவை, மண்டபம் எல்லாமே நான் வேண்டாம் என்று சொல்லி வாங்கியவை. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் வாசல்படி வரைக்கும் ஓடிவந்து பாயசத்தை இலவசமாகப் போடுகிறேன் என்றார். சொந்தக்காரர்கள் நகைக்கடைக்குப் போகும்போது என்னை இரவல் கேட்பார்கள். "சந்திரிகா அண்ணி வந்தாத்தான் சரிப்படும்" என்பார்கள்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு கஷ்டம். நான் உண்மையிலேயே வேண்டாம் என்று சொன்னால் அது யார் காதிலும் ஏறாது.

எங்கள் ஹாலில் ஒரு பழுப்பு சோபா கிடக்கிறது. அதில் உட்கார்ந்தவரை எழுப்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். கடையில் அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. மனசாரச் சொன்னேன், வேண்டாம் என்று. "இன்னிக்கு உன் மூஞ்சி அபாரம் சந்திரி, கடைக்காரன் ஆடிப்போய்ட்டான்" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் அதை வண்டியில் ஏற்றிவிட்டார். பூஜை அறையில் ஒட்டியிருக்கும் ரோஸ் கலர் டைல்ஸும் அப்படி வந்ததுதான். கேளம்பாக்கத்தில் வாங்கிய மனையும் அப்படி வந்ததுதான். மழைக்காலத்தில் அந்த மனையைப் பார்க்கப் போனால் நடுவில் கொக்கு நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே, அவர் பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாவலூரில் அவர் அப்பா வழியில் வந்த கடைசித் துண்டு நிலம் போன தை மாதம் கைமாறியது. அந்தப் பணத்தில் நாவலூரிலேயே எட்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. தாம்பரத்தில் வீடு வைத்திருப்பவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். தெற்கேயிருந்து வரும் ரயிலும் பஸ்ஸும் எங்கே நிற்கிறதோ இல்லையோ, தாம்பரத்தில் நிற்கும். மதுராந்தகம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று அவர் பக்கத்து ஆட்கள் யார் சென்னைக்கு வந்தாலும் அங்கே இறங்கி, "அண்ணி, முகம் கழுவிக்கினு கிளம்பிடறோம்" என்று வருவார்கள். முகம் கழுவ மூன்று நாள் ஆகும். அவருடைய தங்கை கிளியம்மாள் வந்தால் பற்பசையைக்கூட எடுத்து வர மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருநாள்கூட எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று உலை வைத்ததில்லை. நாவலூருக்கு ரயில் கிடையாது. அது ஒன்றே எனக்குப் போதும்.

அவருக்கோ வேறு பைத்தியம். நிலமும் இல்லை, வேலையும் இல்லை, நாள் முழுக்க அந்தச் சோபாவில் அமிழ்ந்தபடி போனில் வீடியோ பார்ப்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே மீன் வறுப்பார்கள். "பார் சந்திரி, காத்துலயே போறாங்க, பெட்ரோலே வேண்டாம்" என்று என்னிடம் காட்டுவார். வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மனை புரோக்கர் குப்பன் ஒருநாள் வந்து, "அண்ணே, கேளம்பாக்கம் தாண்டி உப்பங்கழி ஓரமா ஒரு ஷெட்டுல செகண்ட் ஹேண்ட் படகு ஒண்ணு கீது. சும்மா படகு இல்ல, உள்ளாறயே வூடு. சாமான் செட்டோட குடுக்கறாங்க" என்றான். மனைக்கும் படகுக்கும் அவனுக்கு வித்தியாசம் கிடையாது. இரண்டு பக்கமும் கமிஷன் வந்தால் சரி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பினோம். அவர் சட்டைப் பையில் நான்கு எலுமிச்சம்பழம். வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவோமே, அதற்கு. படகுக்கு ஏது சக்கரம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் கார் திரும்பியதும் நான் வாயைத் திறந்தேன்.

"இங்க பாருங்க. இன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லப் போறேன். நடிப்பு இல்ல. நெஜமாவே வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஃபிளாட்தான்."

அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "அட்ரா சக்க! இதே மூஞ்சி, இதே குரல். அங்கயும் இப்டியே சொல்லிடு."

"ஐயோ, நெஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும், தெரியும்."

பின் சீட்டிலிருந்து குப்பன், "அக்கா செம ஃபார்ம்ல கீது" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அதையும் ஒத்திகை என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

உப்பங்கழி ஓரத்தில் முள்வேலி போட்ட பெரிய இடம். நுழைந்ததும் ஒரு இரும்பு கேட். பழக்கதோஷம், கேட்டுக்கும் படகுக்கும் எத்தனை தூரம் என்று முதலில் கண்ணாலேயே அளந்தேன். நடக்க நல்ல தூரம்தான். படகு தண்ணீரில் இல்லை. நான்கு பக்கமும் இரும்புத் தாங்கி கொடுத்துத் தரையில் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை உடம்பு, நீலக் கோடு, அடியில் துடுப்பு மாதிரி ஒரு கனமான இரும்பு. மூக்கில் 'பேபி' என்று பெயர். மேலே ஏற அலுமினிய ஏணி.

படகின் சொந்தக்காரர் ஒரு பெண். ஜெயசீலி என்று பெயர் சொன்னார். கோவளத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனால் ஏணியில் விறுவிறுவென்று இறங்கி வந்தார். அவரும் கணவர் பிரிட்டோவுமாகக் கொச்சி, கோவா, அந்தமான், இலங்கை எல்லாம் இந்தப் படகில் போய் வந்திருக்கிறார்கள். பிரிட்டோவுக்கு இப்போது இரண்டு முட்டியும் ஆபரேஷன். ஏணி ஏற முடியாது.

"அதான் விக்கிறோம். விக்கிறதைக் கண்ணால பார்க்க மாட்டேன்னு வீட்டுல போத்திக்கிட்டுப் படுத்திருக்கார்" என்றார் ஜெயசீலி.

என் வீட்டுக்காரர் மேலே ஏறினார். நான் கீழேயே நின்றுகொண்டேன். ஏறினால் ஆசை இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். அது எங்கள் தொழிலின் பாலபாடம். தவிர, எனக்கு நிஜமாகவே ஏற விருப்பமில்லை. மேலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. வாழ்நாள் முழுக்க நிலம் வாங்கி விற்றவர், படகைப் பற்றி வேறு என்ன கேட்பார்?

"பட்டா யார் பேர்ல மேடம்?"

"பட்டா இல்ல சார். பதிவு இருக்கு, எங்க ரெண்டு பேர் பேர்லயும்."

"வில்லங்கம்?"

"வில்லங்கம் பிரிட்டோ ஒருத்தர்தான். அவர் வீட்டுல இருக்கார்."

"வாசப்படி எந்தப் பக்கம் பார்த்துக்கினு கீது?"

"நீங்க எந்தப் பக்கம் திருப்புறீங்களோ அந்தப் பக்கம்."

குப்பன் கையைத் தட்டினான். "அண்ணே, எட்டுத் திக்கும் வாசல்! எந்த ராசிக்காரனுக்கும் ஒத்துக்கும்!"

ஜெயசீலி பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். சூரிய வெளிச்சத்தில் கரண்ட் எடுக்கும் பலகை. கை வைக்காமலே திசை தப்பாமல் ஓட்டும் கருவி. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின். ஆபத்துக்கு ஊதினால் விரியும் ரப்பர் தெப்பம். நங்கூரம், சங்கிலி, ரேடியோ, புதிதாகத் தைத்த பாய்கள். விற்றபிறகும் இரண்டு பேருக்கும் பாய் விரிக்க, கயிறு கட்ட, ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். தேர்ந்த பிறகுதான் கிரேன் லாரியில் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்குவாராம்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். முகம் முழுக்கப் பல். விலையைக் கேட்டார். ஜெயசீலி சொன்னார். நாவலூர் ஃபிளாட் அப்படியே கண்முன் இடிந்து விழுந்த மாதிரி எனக்கு இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வேண்டாங்க, கிளம்புங்க" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "எனக்குக் கடலும் வேண்டாம், படகும் வேண்டாம். சத்தியமா வேண்டாம்."

கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் குப்பன், "மேடம், அக்கா போவுது பாரு, எதாவது பார்த்துச் சொல்லு" என்று கிசுகிசுப்பது கேட்டது. பாதி தூரம் வந்தேன். குரல் வரவில்லை. முக்கால் தூரம். வரவில்லை. கேட்டைத் தொட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேட்டைத் தாண்டி வெளியே நின்றேன். இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இது வரைக்கும் வந்ததே இல்லை. கொஞ்ச நேரம் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தேன். வெயில் சுட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அங்கே என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஜெயசீலி படகின் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டீங்களேம்மா" என்றார் ஜெயசீலி. "நான் விக்கலை. மனசுல வேண்டாம்னு வெச்சுக்கிட்டு ஒருத்தர் ஏறினா நடுக்கடல்ல ரெண்டு பேருக்குமே ஆபத்து. பணம் யார்கிட்ட வேணும்னாலும் வாங்கிக்கலாம். பேபியை அப்படிக் குடுக்க மாட்டேன்."

ஒரு மனுஷி, முன்பின் தெரியாதவர், நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் எங்கள் முப்பது வருஷக் குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைத்தார். "ஐயோ மேடம், அது நடிப்பு! வெலைய கொறைக்கிறதுக்கு நாங்க செய்றது! இவ எதுக்குமே வேண்டாம்னுதான் சொல்வா. நான் கண்ணாடியத் தொடச்சா நடந்துடுவா. சொல்லு சந்திரி!"

ஜெயசீலி என்னைப் பார்த்தார். "நடிப்பாம்மா?"

"இல்ல. நெஜம்" என்றேன். "கார்ல வரும்போதே சொன்னேன்."

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் அவர் மண்டைக்குள் ஏதோ மெதுவாக நகர்வது தெரிந்தது.

"அப்போ... சோபா?"

"சோபாவும் நெஜம்."

"பூஜ ரூம் டைல்ஸு?"

"அதுவும் நெஜம். சாமிக்கே பிடிக்கலை அந்தக் கலர்."

குப்பன் பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தான். "அக்கா, நான் முடிச்சுக் குடுத்த கேளம்பாக்கம் மனை?"

"அது நெஜத்துலயும் நெஜம்டா குப்பா."

என் வீட்டுக்காரர் பூவரச மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டிரம்மின் மேல் போய் உட்கார்ந்தார். அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இப்போது திட்ட வாய் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவர் இதுவரை தனக்கென்று ஒரு நல்ல செருப்புகூடக் கேட்டு வாங்கியதில்லை. முதல்முறையாக ஆசைப்பட்டது இந்தப் படகுக்குத்தான். அதுவும் தெரிந்தே இருந்தது எனக்கு.

"சரி, வாங்கறது விக்கிறது முடிஞ்சுது" என்றார் ஜெயசீலி. "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. பால் இல்ல, கறுப்பு டீதான்."

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து நீட்டினார். "இத்தப் புழிஞ்சிக்கங்க மேடம். இனிமே இது எதுக்கு."

டீ மேலேதான் போட வேண்டுமாம். ஜெயசீலி என்னைக் கூப்பிட்டார். வாங்கப் போவதில்லை என்று ஆனபிறகு ஏறினால் என்ன? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முருகா முருகா என்று ஏணியைப் பிடித்து ஏறினேன். அவர் மேலிருந்து கை கொடுத்தார்.

உள்ளே இறங்கியதும் நான் நினைத்த மாதிரி இல்லை. மரவேலை செய்த சின்ன ஹால். எல்லா அலமாரிக்கும் கொக்கி. படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாதாம். தொட்டில் போல ஆடிக்கொண்டு நேராகவே நிற்கும், சாம்பார் சிந்தாது. பாத்திரம் கொஞ்சம்தான். தட்டு இரண்டு. டம்ளர் இரண்டு.

"ரெண்டுதானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர்தானே."

"யாராவது வந்தா?"

"கடல் நடுவுல யாரும்மா வருவாங்க?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரே ஒரு படுக்கை அறை. பின்பக்கம் இன்னொரு கதவு.

"அது இன்னொரு பெட்ரூம்தானே?" என்றேன், கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"இருந்துச்சு. வாங்கின உடனே கட்டிலைக் கழட்டி ஸ்டோர் ரூமாக்கிட்டேன்."

"ஏன்?"

எலுமிச்சம்பழத்தை டீயில் பிழிந்துகொண்டே ஜெயசீலி அலட்டாமல் சொன்னார். "பிரிட்டோவுக்குத் தம்பி தங்கச்சிங்க ஏழு பேர்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம். ஜெயசீலி அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுப்பும் சேர்ந்து ஆடியது.

டீ குடிக்கும்போது கேட்டேன். "எனக்கு நீச்சலே தெரியாது. உங்களுக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்குத்தான் ரெண்டு பேர். மேலே ஏறினா இடுப்புல பெல்ட்டைப் போட்டுக் கயித்துல மாட்டிக்கணும். அப்புறம் எங்க படகுல ஒரு சட்டம். ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான். பாய் ஏத்தலாம்னு அவர் சொல்லி, நான் வேண்டாம்னு சொன்னா ஏத்த மாட்டோம். ஏன் எதுக்குன்னு கரைக்கு வந்து கேட்டுக்கலாம். காத்து அடிக்கிறப்போ, இவ உண்மையாத்தான் சொல்றாளான்னு யோசிச்சுக்கிட்டு நின்னா ரெண்டு பேரும் போயிருவோம்."

"நீங்க வேண்டாம்னா அவர் கேட்டுக்குவாரா?"

"கேட்டுத்தான் ஆகணும். கடல்ல வேற வழி இல்ல."

வேண்டாம்னா வேண்டாம்தான் என்று எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்போது என் போன் அடித்தது. கிளியம்மாள்.

"அண்ணி, நல்ல சேதி! என் பையன் உதயாவுக்கு வேல கெடைச்சிருக்கு. எங்கன்றீங்க? நாவலூர்ல! நீங்களும் அங்கதான் ஃபிளாட்டு வாங்கறீங்களாமே, வினிதா சொல்லுச்சு. ஒரு ரூமு அவனுக்குன்னு சொல்லிட்டேன். நானும் வந்து ஒரு மாசம் இருந்து, அவனைப் பழக்கிட்டு வர்றேன். எட்டாவது மாடின்னா எனக்குத் தல சுத்தும், பரவால்ல, பார்த்துக்கலாம்."

"கிளியம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்தேன். என் ஃபிளாட் இரண்டாம் தடவையாக இடிந்தது. இந்தத் தடவை மிச்சம் மீதி இல்லை.

ஜெயசீலியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன். "கடல்ல போனுக்கு சிக்னல் வருமா?"

"கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிட்டா வராது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். ஏணியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் அதே டிரம்மில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கையில் இருந்தது. துடைக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"போலாமா? நாளைக்கே ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம் சந்திரி. சோபாவ குப்பனுக்குத் தந்துடலாம்."

"எனக்கு இன்னாத்துக்கு அண்ணே அது?" என்றான் குப்பன் பதறிப்போய்.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வாங்கும் இடத்தில் நின்றுகொண்டு அந்த வார்த்தையை என் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில் ஈனஸ்வரத்தில் சொன்னேன். "எனக்கு அது வேணும்."

"எது?"

"பேபி."

அவர் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்து, அப்படியே அணைந்தது. "எனக்காகச் சொல்லாத. இத்தினி வருஷம் நடிச்சது போதும். உனக்குப் புடிக்காத ஒண்ணு இனிமே நம்ம வூட்டுக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

குப்பன் என் பக்கத்தில் வந்து காதோரம், "அக்கா! பார்ட்ட மாத்திட்டீங்களா? இது புதுசா கீதே! சூப்பர்!" என்றான். பிறகு ஜெயசீலியிடம் ஓடினான். "மேடம், அண்ணன் போயிகினே இருக்கார் பாரு. ஒரு வார்த்த கொறைச்சிச் சொல்லு, திரும்பிடுவார்!"

ஜெயசீலி கையைக் கட்டிக்கொண்டார். "நான் கூப்பிட மாட்டேன். விக்கிறவ கூப்பிட்டு ஏறுற படகு இல்ல இது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் நடந்துகொண்டிருந்தார். வேகமும் இல்லை, வேஷமும் இல்லை. சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது. அந்த நடையை நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், ஆனால் பின்னாலிருந்து பார்த்ததில்லை. பின்னாலிருந்து பார்த்தால் அது இவ்வளவு பாவமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாதி தூரம் போய்விட்டார். முக்கால் தூரம். கையை கேட்டின் மேல் வைத்தார்.

"ஏங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். பூவரச மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. "எனக்கு அது வேணும்! உங்களுக்காக இல்ல, எனக்கு! எனக்கே எனக்கு வேணும்!"

அவர் திரும்பினார். ஓடி வரவில்லை. "அபாரம்" என்று சொல்லவில்லை. கேட்டைப் பிடித்தபடியே அங்கிருந்து கேட்டார்.

"நெஜமாவா?"

சோபாவுக்குக் கேட்கவில்லை, டைல்ஸுக்குக் கேட்கவில்லை. கொக்கு நிற்கும் மனைக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகை வந்ததும் கோபமும் வந்தது.

"நெஜம்தான்யா! எத்தனை தடவை சொல்றது!"

பேபியைச் சொன்ன விலைக்கே வாங்கினோம். ஒரு ரூபாய் குறையவில்லை. குறைத்துக் கேட்க எனக்கு முகமும் இல்லை. "ஊருக்கே கேக்கற மாதிரி வேணும்னு கத்திட்டு, அப்புறம் இன்னா வெல பேசறது அக்கா, பேஜார் பண்ணிட்டியே" என்று குப்பன் தலையில் அடித்துக்கொண்டான். எலுமிச்சம்பழமெல்லாம் டீயில் போய்விட்டதால் நசுக்கவும் ஒன்றுமில்லை.

ராத்திரி கிளியம்மாளுக்கு நானே போன் செய்து, ஃபிளாட் இல்லை, படகு என்றேன். அப்புறம், "அப்போ உதயா எங்க அண்ணி தங்குவான்?" என்று கேட்டாள். "அவனுக்கு ரூம் பார்த்துக் குடு. சோபா வேணும்னா நம்ம வீட்டுது இருக்கு, எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உதயா வண்டியோடு வந்து எடுத்துப் போனான். நல்ல பிள்ளை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஜெயசீலியிடம் பாடம். கயிற்றில் முடிச்சுப் போட எனக்கு வருகிறது, என் வீட்டுக்காரருக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று ஆரம்பித்திருக்கிறது. எதற்கெடுத்தாலும், "நெஜமாவா?" என்கிறார். காபி வேண்டாம் என்றால், நெஜமாவா? ஃபேன் வேண்டாம் என்றால், நெஜமாவா? உயிரை வாங்குகிறார். ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, ஆமாம், நெஜம்தான் என்று பதில் சொல்கிறேன்.